நுரை காணப்படவில்லை

கடலிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ஜெர்மனியின் பிராங்கோனியா மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்ன ஊரில் கடல்மீன் வளர்ப்போர் சங்கம் ஒன்று இருந்தது. உறுப்பினர்களில் பாதிப் பேர் கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் சங்கத்துக்குப் பதினெட்டுப் பக்க விதிமுறை உண்டு. தலைவர், செயலாளர் போகக் கட்டைப் பொறுப்பாளர் என்று ஒரு பதவியும் உண்டு. பதினான்கு வருடமாக அந்தப் பதவியில் இருந்தவர் ஓட்மார், ஓய்வுபெற்ற தபால்காரர்.

சங்கத்தின் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் ஆளுயரத்துக்கு நிற்கும். அதன் அடியில் விரல் நீளத்தில் ஒரு லிண்டன் மரக்கட்டை. காற்று மோட்டார் ஊதும்போது மரத்தின் துளைகள் வழியாகப் பால்போலப் பொடிக்குமிழிகள் கிளம்பும். தண்ணீரிலிருக்கும் அழுக்கு அவற்றில் ஒட்டிக்கொண்டு, நுரையாக ஏறி, உச்சியிலுள்ள கிண்ணத்தில் சேரும். ஆறு வாரம் போனால் கட்டை கொழகொழத்துவிடும். குமிழி பெருத்துவிடும், நுரை நின்றுவிடும். உடனே கட்டையை மாற்ற வேண்டும்.

வேலை அவ்வளவுதான். ஓட்மார் அதற்காக வாரத்தில் மூன்று நாள் வந்து, குழாயின் முன் நாற்காலி போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். பதவி போனாலும் வராதே என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் காரணமில்லாமல் ஓரிடத்துக்குப் போகிற ஆள் அவர் இல்லை.

பல் வைத்தியர் டோர்பன் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் வினை வந்தது. கட்டையே தேவைப்படாத, மோட்டாரே குமிழியை அரைத்துத் தள்ளும் புதுக்கருவியை அவர் சிபாரிசு செய்தார். மூன்று கூட்டம் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாற்பதாம் ஆண்டு விழாவில் ஓட்மார் எல்லார் முன்னாலும் புதுக்கட்டை பொருத்த வேண்டும். அரைமணி நேரத்தில் கிண்ணத்தில் நுரை ஏறினால் கட்டை இருக்கும். ஏறாவிட்டால் புதுக்கருவி வரும், கட்டைப் பொறுப்பாளர் பதவி ஒழியும்.

ஓட்மார் கட்டையை மூன்று நாள் உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டார். கட்டைக்கு எமன் எண்ணெய்தான். விரலில் துளி கொழுப்பு இருந்தாலும் நுரை படுத்துவிடும். அதனால் விழாவன்று காலை வெண்ணெய் தடவாத வறட்டு ரொட்டி தின்றார். சோப்பிலும் கொழுப்பு உண்டு என்பதால் அதைத் தொடாமல் வெறும் தண்ணீரில் நான்கு முறை கை கழுவினார்.

மிச்சமிருந்தது கைகுலுக்கல். அந்த ஊர் வழக்கப்படி மண்டபத்துக்குள் வருகிறவர் ஒவ்வொருவர் கையையும் குலுக்கியாக வேண்டும். அன்றைக்கோ எல்லார் கையிலும் ரொட்டிக்குள் மூன்று மூன்றாக வைத்த வறுத்த சாசேஜ், மணிக்கட்டு வரை கொழுப்பு. தாமதமாக வருகிறவர் மட்டும் மேஜையை விரல் முட்டியால் தட்டினால் போதும், அது மொத்தப் பேருக்கும் வணக்கம். ஓட்மார் வாழ்நாளில் முதல் தடவையாகப் பத்து நிமிடம் தாமதமாகப் போய் மேஜையைத் தட்டினார்.

"என்னங்க ஓட்மார், உடம்புக்கு ஏதாவதா?" என்று பதறினார் தலைவர் கெர்லிண்டே.

"இல்லம்மா. லேட்டாயிடுச்சு."

"நீங்களா? கோடைக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாத்துற அன்னிக்குக்கூட கரெக்டா வந்த மனுஷனாச்சே!"

மூன்றே முக்கால் மணிக்கு ஓட்மார் கட்டையைப் பாத்திரத்திலிருந்து எடுக்கப் போனார். கெர்லிண்டே மைக்கைப் பிடித்தார்.

"அதுக்கு முன்னாடி ஒரு சின்ன இன்ப அதிர்ச்சி. பதினாலு வருஷ சேவைக்கு நம்ம ஓட்மாருக்குக் கௌரவப் பதக்கம். மேயர் ஐயா குத்திவிடுவார்."

மேயர் கடைசித் துண்டு சாசேஜை வாயில் திணித்துக்கொண்டு, பேப்பரில் விரலைத் துடைத்தபடி வந்தார். பதக்கத்தைக் குத்தினார். ஓட்மாரின் இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளுக்குள் பொதிந்துகொண்டு, போட்டோ எடுத்து முடிக்கும்வரை விடவில்லை.

"உங்களை மாதிரி ஆளுங்கதான்யா இந்த ஊருக்கு முதுகெலும்பு," என்றார்.

ஓட்மார் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பளபளவென்றிருந்தது. கட்டையைச் செருக இரண்டு கையும் வேண்டும். கைகழுவும் தொட்டி நான்கடி தூரத்தில், எல்லார் கண்ணெதிரே இருந்தது. மேயரின் கையைக் குலுக்கிய கையோடு போய்க் கழுவுவதா? யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். இருபது வருடம் கழித்தும் நினைவு வைத்திருப்பார்கள்.

அவர் பாத்திரத்திலிருந்த கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஓட்மார், கட்டைகிட்ட உத்தரவு கேக்குறீங்களா?" என்றார் டோர்பன். மேயர்தான் முதலில் சிரித்தார்.

ஓட்மார் கட்டையை எடுத்துச் செருகினார். நாற்பது பேர் குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். குமிழிகள் கிளம்பின, ஏறின, உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாக உடைந்து காணாமல் போயின. நாலரைக்கு வாக்கெடுத்தார்கள். புதுக்கருவிக்கு முப்பத்தாறு. கட்டைக்கு நான்கு.

மறுநாள் காலை சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கதவைத் திறந்ததுமே நாற்றம் மூக்கைத் துளைத்தது. ராத்திரியோடு எண்ணெய் அடங்கிவிட்டிருந்தது. கடுந்தேநீர் நிறத்தில் கிண்ணம் நிறைந்து, நுரை குழாயெல்லாம் வழிந்து, தரையில் குளம் கட்டியிருந்தது. அலுவலறையில் இருந்த கெர்லிண்டேயைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நுரைதான்," என்றார் அவர்.

"ஆமா."

"நேத்து நாலரைக்கு இல்லையே."

"மேயர் கையில எண்ணெய் இருந்துச்சும்மா."

"அதை நான் கூட்டக் குறிப்புல எழுதணுமா? கையெழுத்தும் போட்டாச்சு. 'நுரை காணப்படவில்லை'ன்னு தெளிவா இருக்கு. வேணும்னா திருத்தம் கொண்டுவாங்க. ஆனா பதவியில இருக்கிறவங்கதான் கொண்டுவர முடியும், ஏழாவது விதி."

ஏழாவது விதியை எழுதியவர் ஓட்மார். 

அந்த நேரம் பார்த்து டோர்பன் புதுக்கருவிப் பெட்டியோடு உள்ளே வந்தார். வெள்ளைச் செருப்பு நேராக நுரைக்குள் இறங்கியது.

"ஐயையே! என்னங்க இது?"

"தலைவர்கிட்ட கேளுங்க," என்றார் ஓட்மார். "எழுத்துப்படி அங்க ஒண்ணுமே இல்ல."

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"சரி, தரை துடைக்கிற துணி எங்க இருக்கு?" என்று கேட்டார் டோர்பன்.

"அது கட்டைப் பொறுப்பாளருக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஓட்மார் வெளியே நடந்தார்.