பதினோரு கட்டங்களில் ஒரு நாய்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, அச்சகத்தின் இரண்டாம் கூடத்தில் ‘இடிதாங்கி’ காமிக்ஸின் மூன்றாம் இதழ் எட்டாயிரம் பிரதிகள் அச்சாகி முடிந்தன. அதில் பதினோரு கட்டங்களில் ஒரு நாய் இருந்தது. அந்தக் கதை எடுக்கப்பட்ட கார்ட்டூன் தொடரில் நாய் கிடையாது.

முதலில் கண்டுபிடித்தவர் பைண்டிங் பிரிவில் இருந்த ஒருவர். அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அதனால் சனிக்கிழமை ஒளிபரப்பான பகுதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று முறை பார்க்க நேர்ந்தவர். மடித்த தாள்களைப் புரட்டியவர், “இதுல ஏது நாய்?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார். மேற்பார்வையாளர் பதிப்பகத்தின் ஆசிரியருக்குப் போன் செய்தார். ஆசிரியர் ஓவியருக்குப் போன் செய்தார்.

ஓவியர் அப்போது வீட்டின் பின்னறையில், நான்காம் இதழின் ஆறாம் பக்கத்தில், கதாநாயகனின் வலது கையுறைக்கு மை போட்டுக்கொண்டிருந்தாள். இடிதாங்கி பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மின்னல் விழும்போது மட்டும் செம்புக் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் தாவிப் பிடிப்பான். கைக்கு நான்கு விரல்தான். ஐந்தாவது விரலை அசைப்பதற்கு ஆள் இல்லை என்று கார்ட்டூன் கம்பெனி ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டது.

ஆசிரியரை அலுவலகத்தில் எல்லோரும் ‘கமா’ என்பார்கள். எந்த வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைக்காத மனிதர்.

“சாப்ட்டாச்சா,” என்றார்.

“மணி பத்துகூட ஆகலையே சார்.”

“அது சரி, மூணாவது இதழ்ல ஒரு நாய் வருதே, அது நம்ம நாயா, அவங்க நாயா,”

“அவங்க நாய்தான் சார். கதையிலேயே இருக்கே.”

“இல்லையாம்,”

அவள் தூரிகையைத் தண்ணீரில் போட்டாள். மை கரைந்து மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “யாரு சொன்னா?”

“டிவியைப் பார்த்தவங்க எல்லாரும் சொல்றாங்க, நீ பாக்கலையா,”

அவள் பார்ப்பதில்லை. ஒரு பகுதியைக்கூட முழுசாகப் பார்த்தவள் இல்லை. “வரையறவளுக்கு நிக்கிற படம்தான் வேணும், ஓடுற படத்தை வச்சு என்ன பண்றது” என்பாள். அவளுக்கு நிற்கிற படங்கள் வந்துகொண்டிருந்தன. எங்கிருந்து வந்தன என்பதுதான் இப்போது தொல்லை.

முறைப்படி பார்த்தால், கார்ட்டூன் கம்பெனியின் உரிமைத் துறை ஒவ்வொரு பகுதிக்கும் மாதிரிப் படங்களை முத்திரை குத்திப் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பவும் செய்தார்கள், மூன்று வாரம் கழித்து. காமிக்ஸோ பகுதி ஒளிபரப்பான அதே வாரத்தில் கடைக்குப் போயாக வேண்டும். கல்யாணம் முடிந்த பிறகு பந்தலுக்குக் கால் நடுகிற கதை. இதைச் சமாளிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. அந்த வழி அவளுடைய தம்பி.

தம்பி அதே கார்ட்டூன் கம்பெனியில் ஸ்டோரிபோர்டு வரைபவன். கதையைக் காட்சி காட்சியாகச் சின்னக் கட்டங்களில் வரைந்து கொடுப்பது அவன் வேலை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் படத்தை அசைய வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். வரும்போது பையில் அந்த வாரத்துக் கட்டங்களின் நகல் இருக்கும். இது கம்பெனி விதிக்கு நேர் எதிர். போன வருஷம் வண்ணம் தீட்டும் ஒருவன் வில்லனின் செருப்பை, வெறும் செருப்பை, நண்பனுக்குப் படம் பிடித்து அனுப்பினான். அன்று சாயங்காலமே அவன் மேஜை காலியானது.

ஆசிரியரிடம், “பாத்துட்டுச் சொல்றேன் சார்” என்று போனை வைத்தாள். தம்பிக்கு எதுவும் சொல்லவில்லை. சேதி கம்பெனி வரைக்கும் போயிருக்க வேண்டும், அவனே பன்னிரண்டரைக்கு வந்து நின்றான். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்த மூச்சு. சின்ன வயசிலிருந்தே திருட்டுத்தனம் செய்தால் அவன் காது சிவந்துவிடும். இப்போது இரண்டும் சிவந்திருந்தன.

“அக்கா, அது பதிப்பு ரெண்டுக்கா.”

“எது?”

“நான் உனக்குக் குடுத்தது. டிவியில வந்தது பதிப்பு அஞ்சு. மூணாவதுலேயே நாயைத் தூக்கிட்டாங்க.”

“பதிப்பு நம்பர் மூலையில போட்டிருக்குமே. என் தாள்ல ஒரு நாளும் இருந்ததில்லையே.”

“மூலையை நான்தானே வெட்டிட்டேன்.”

அவன் சொன்னது உண்மை. தாளின் வலது மேல் மூலையில் கம்பெனி முத்திரையும் பதிப்பு எண்ணும் சேர்ந்தே இருக்கும். தாள் யார் கையிலாவது சிக்கினால் எங்கிருந்து வந்தது என்று தெரியக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு வாரமும் அந்த மூலையை ஒழுங்காகக் கத்தரித்துவிட்டுத்தான் கொடுப்பான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெட்டியவன் அக்காவை மாட்டிவிட்டிருந்தான்.

“ஏன் தூக்கினாங்க?”

“நாலு காலுக்கா. நாய் நடக்கணும்னா ஒரு ஆளுக்கு ஒரு வாரம் வேலை. இயக்குநர் பாத்தாரு, ‘நாய் நல்லாதான் இருக்கு, ஆனா வேணாம்’னுட்டாரு.”

அவள் மூன்றாம் இதழின் மூலப் பக்கங்களை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் பரப்பினாள். இடது காது மடிந்த, உடம்புக்குப் பொருந்தாத நீள வாலுள்ள நாய். லிஃப்ட் அறைக்கு வெளியே காத்திருந்தது. இடிதாங்கி மயங்கி விழுந்தபோது கையுறையை நக்கியது. எட்டாம் பக்கத்தில் ஒரு முழு வரிசைக்கு, நான்கு கட்டம், சும்மா நடந்துபோனது. அந்த வரிசையில் வசனமே இல்லை. மூன்று இதழ்களில் அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

“உனக்கு எப்படா தெரியும்?” என்றாள்.

தம்பி மேஜைமேலிருந்த ரப்பரை எடுத்து உருட்டினான்.

“கேக்கிறேன்ல.”

“நீ பென்சில் போட்டப்பவே.”

“அன்னிக்கு வந்து என் தோள் பக்கத்துல நின்னு, ‘அக்கா, நாய் நடக்குதுக்கா’ன்னு சொன்னியே.”

“ஆமா.”

“அப்பவே தெரியுமா?”

“அப்ப அதைத் தூக்கி நாலு நாள் ஆச்சு.”

அவள் அவனையே பார்த்தாள். ஒன்பது வயது இளையவன். இடுப்பில் தூக்கிச் சுமந்த தோஷம், அவனைத் திட்ட ஆரம்பித்தால் பாதியிலேயே குரல் இறங்கிவிடும். இந்த முறை இறங்கக் கூடாது என்று நினைத்தாள்.

“எருமை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே அழிச்சிருப்பேன்ல.”

“அதுக்குத்தான் சொல்லலை,” என்றான். “அங்க செத்துப்போச்சுக்கா. ஞாயித்துக்கிழமை இங்க வந்து பாத்தா வாலாட்டிக்கிட்டு நடக்குது. எப்படிச் சொல்றது?”

அந்த நாயை அவளுக்கும் தெரியும். தம்பி ஏழு வயதிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்துகொண்டிருந்த நாய் அது. நிஜ நாய் கேட்டு அழுதபோதெல்லாம் அம்மா, “வீட்ல ஏற்கெனவே ரெண்டு வாலு இருக்கு, மூணாவது எதுக்கு?” என்று முடித்துவிடுவாள். அம்மா வளர்க்க விடாத நாயைக் கம்பெனிக்குள் நுழைத்துப் பார்த்திருக்கிறான். ஸ்டோரிபோர்டின் அடியில் சின்ன எழுத்தில் ‘ப்யூஸ்’ என்று பெயர்கூட எழுதியிருந்தான். காமிக்ஸில் அந்தப் பெயர் வரவில்லை. அதைக் கூப்பிடும் ஒரே வசனத்தை, இடம் போதவில்லை என்று கமா எடுத்துவிட்டார்.

“நாளைக்கு மூணு மணிக்கு உங்க ஆபீஸ்ல கூட்டமாம்,” என்றாள். “இப்பதான் சேதி வந்தது. உன்னையும் கூப்பிடுவாங்க. நீ வாயே திறக்கக் கூடாது.”

“அப்ப நீ என்ன சொல்லுவ?”

“நானா வரைஞ்சேன்னு சொல்லுவேன்.”

“ஒப்பந்தத்துல சட்டைப் பொத்தான்கூட சேக்கக் கூடாதுன்னு இருக்குக்கா. தொடரையே வேற யார்கிட்டயாவது குடுத்துடுவாங்க.”

“எனக்குத் தொடர் போகும். உனக்கு வேலை போகும். எது பெருசு?” அவள் பக்கங்களை அடுக்கினாள். “சாப்பிட்டுப் போ. வெறும் வயித்தோட பொய் சொல்லப் பழகாத.”

“நான்தான் பேசவே போறதில்லையே.”

“பேசாம இருக்கிறதும் பொய்தான். அதுக்கும் தெம்பு வேணும்.”

புதன்கிழமை மூன்று மணிக்குக் கார்ட்டூன் கம்பெனியின் மூன்றாம் மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். அறை வாசலில் அட்டையில் வெட்டிய இடிதாங்கி நின்றான். வருகிறவர்கள் இடித்து இடித்து அவன் முழங்கை மடங்கிப் போயிருந்தது. மேஜைமேல் மூன்றாம் இதழின் பிரதிகள். தம்பி கடைசி நாற்காலியில், பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். காது இரண்டும் தயாராகச் சிவந்திருந்தன.

உரிமைத் துறை அதிகாரி, ஐம்பது வயதுப் பெண்மணி, எதிரே ஒரு பட்டியலை வைத்திருந்தார். பதினான்கு வரிகள். விரல் நான்கு. கையுறை வலது கையில். பெல்ட்டில் மூன்று கருவிகள். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் இந்தப் பதினான்கோடு ஒப்பிட்டு, கீழே கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. நாய் இருந்த பக்கங்களிலும் அந்தக் கையெழுத்து இருந்தது. விரல்களை எண்ணியிருந்தார். கால்களை எண்ணும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

“இந்த நாய் எங்கேருந்து வந்தது?” என்று கேட்டார். அதட்டலாகத்தான் கேட்க நினைத்திருப்பார். குரலில் பயம் இருந்தது.

“என் கற்பனைதான் மேடம்,” என்றாள் அவள்.

“யார் அனுமதி குடுத்தாங்க?”

“யாரும் குடுக்கலை. ஓவியத்துல ஒரு ஓட்டம் வந்துச்சு. வரைஞ்சிட்டேன்.”

கமா இருமினார். “நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான் ஆகணும், காமிக்ஸ்னு வந்தா கொஞ்சம் இப்படி அப்படி,” என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்தினார். அது உதவியா உபத்திரவமா என்று யாருக்கும் புரியவில்லை.

இயக்குநர் ஒரு பிரதியை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கீழ்மாடியில் தன் மேஜையிலேயே மறந்துவிட்டு வந்திருந்ததால், இதழைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். எட்டாம் பக்கத்துக்கு வந்ததும் நின்றார். அந்த நான்கு கட்டங்களை இடமிருந்து வலமாகப் பார்த்து, மறுபடி முதல் கட்டத்துக்குப் போனார். நாயைத் தூக்கச் சொன்னவர் அவர். மடிந்த காதை அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தம்பியின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

“நடக்குது,” என்றார் இயக்குநர். பிறகு அவளைப் பார்த்தார். “நாய்க்குப் பேர் வச்சிருக்கீங்களா?”

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஸ்டோரிபோர்டின் அடியில் மட்டுமே இருந்த பெயர். சொன்னால் இங்கேயே எல்லாம் முடிந்தது.

“இன்னும் இல்லை சார்.”

“ப்யூஸ்னு வைக்கலாம்,” என்றார் இயக்குநர்.

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். கமா தலையாட்டினார். அவள் தம்பி பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, வாசலில் நின்ற அட்டை மனிதனின் மடங்கிய முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்மால நாலு காலை நடக்க வைக்க முடியலை,” என்றார் இயக்குநர். “ரெண்டு காலுக்கே நாக்கு தள்ளுது. இவங்க காகிதத்துல நடக்க வச்சிருக்காங்க. நடந்துட்டுப் போகட்டும்.”

“அப்ப, இதழை வெளியிடலாமா சார்?” என்றார் அதிகாரி. “என் பட்டியல்ல நாயே இல்லையே.”

“சேத்துக்குங்க.”

“இவங்க அனுமதி இல்லாம வரைஞ்சதுக்கு?”

“ஒரு கடிதம் குடுங்க. கண்டிச்சு எழுதுங்க. நல்லா எழுதுங்க.”

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது இயக்குநர் தம்பிக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். மூன்று படி கீழே இருந்த அவளுக்கும் கேட்டது. “இனிமே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை முழுத் தாளையும் உரிமைத் துறையிலேயே குடுத்துடு, அவங்க அனுப்பட்டும். மூலையை வெட்டாத. அழகா இல்லை.”

தெருவுக்கு வந்த பிறகுதான் தம்பி பேசினான்.

“அக்கா.”

“பேசாத.”

“இல்லக்கா, ஒண்ணே ஒண்ணு. ஓவியத்துல ஓட்டம் வந்துச்சா?”

அவள் கைப்பையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். இருவரும் பேருந்து நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே போனார்கள். நிறுத்தத்தில் அவனுக்கு அழுகை வந்தது. அவள் பேருந்து வருகிறதா என்று பார்க்கிற பாவனையில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் இதழ் மார்ச் பதினான்காம் தேதி கடைகளுக்குப் போனது. கண்டனக் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. இரண்டு பக்கம், நல்ல நடை. அவள் கையெழுத்திட்டு ஒரு பிரதியைத் திருப்பி அனுப்பினாள். உரிமைத் துறையின் பட்டியலில் பதினைந்தாவது வரி சேர்ந்தது: ‘நாய் ஒன்று. கால் நான்கு. மடிந்த காது இடது.’ ஐந்தாம் இதழுக்குள் வாசகர்களிடமிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வந்தன. அவற்றில் நூற்று நாற்பது நாயைப் பற்றியவை.

தொடரின் இரண்டாம் பருவத்தில், நான்காம் பகுதியில், நாய் ஒன்பது நொடிகள் வருகிறது. ஸ்டோரிபோர்டு தம்பி வரைந்தது. அன்று அம்மாவும் டிவி பார்த்தாள். “இந்த மாதிரி நாய்னா வீட்ல வச்சுக்கலாம்,” என்றாள். நாய் நடக்கவில்லை. லிஃப்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. வால் மட்டும் இரண்டு முறை அசைந்தது.