டாக்டர் வீட்டு மாடிப்படி

"மேடம், டாக்டர் வீட்டுப் படியில ரெண்டு குரூப்பும் முட்டிக்கிட்டு நிக்குது. ஏறவும் முடியலை, இறங்கவும் முடியலை. நடுவுல உங்க வீட்டுக்காரர் மாட்டிக்கிட்டாரு" என்று வாட்ச்மேன் போனில் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை வைத்த பிறகுதான் கால் ஓடியது.

எங்கள் வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டமாக வருகிறவர்கள் எப்போது வரலாம், எந்த வழியாகச் சுற்றலாம் என்று வகுத்துக் கொடுப்பது என் வேலை. பெரிய கட்டடத்துக்குப் பின்னால் ஒரு முற்றம், அதன் இருபுறமும் இரண்டு பழைய வீடுகள். ஒன்று வியாபாரி வீடு, மற்றது டாக்டர் வீடு. யார் வந்தாலும் முதலில் கட்டடம், அப்புறம் வியாபாரி வீடு, கடைசியில் டாக்டர் வீடு. இந்த வரிசையைப் போட்டது நான். டாக்டர் வீட்டு மாடிப்படியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். ஒரு கூட்டம் ஏறிப் பார்த்து இறங்கிய பிறகே அடுத்த கூட்டம் ஏற வேண்டும். "வரிசையை மாத்தினீங்க, தொலைஞ்சீங்க" என்று புது கைடுகளை மிரட்டி வைப்பேன். அப்பேர்ப்பட்ட நானே இன்று காலை அந்த வரிசையை மாற்றினேன். எல்லாம் புருஷனுக்காக.

இன்று அவருக்குக் கைடாக முதல் நாள். வேலை பார்த்த காலமெல்லாம் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் குப்பிகளோடு குடித்தனம் நடத்தியவர். குப்பிகள் எதிர்த்துப் பேசாது, இவரும் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்று வந்தவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர்தான். "சாப்பிடுறீங்களா?" என்றால் "ம்". "படுக்கலையா?" என்றால் அதற்கும் "ம்". எனக்கு உள்ளூர பயமாக இருந்தது. என்னோடு ஒரு சண்டை போட்டால்கூடத் தேவலை என்று ஏங்கினேன். நச்சரித்து நச்சரித்துத்தான் கைடு பயிற்சிக்கு அனுப்பினேன். நான் எழுதிக் கொடுத்த குறிப்புகளைக் குளியலறையில் நின்று மனப்பாடம் செய்வார். நான் கதவுப் பக்கம் போனால் குழாயைத் திறந்துவிடுவார்.

காலையில் கிளம்பும்போது, "இன்னிக்குச் சொதப்பிட்டேன்னா என்னை விட்டுடணும். மறுபடி கூப்பிடக் கூடாது" என்றார்.

"சரி" என்றேன். வேறென்ன சொல்வது?

"குறிப்புல இல்லாததை யாராவது கேட்டா?"

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

இருப்பதிலேயே சாதுவான கூட்டமாகப் பார்த்து அவருக்கு ஒதுக்கியிருந்தேன், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். டாக்டர் வீடுதான் அவருக்கு நன்றாகப் பாடமாகியிருந்தது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கட்டும், பள்ளிப் பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் இறங்கிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆசிரியர்கள் ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிற்பார்கள் என்பதோ, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டடத்தையும் வியாபாரி வீட்டையும் ஓடியே முடித்துவிடுவார்கள் என்பதோ என் மண்டையில் உறைக்கவில்லை. தன் புருஷன் விஷயம் என்றால் எப்பேர்ப்பட்டவளுக்கும் புத்தி கொஞ்சம் பிசகிவிடும் போலிருக்கிறது.

வாட்ச்மேன் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "பெரியவங்களைத் திரும்ப ஏறச் சொன்னா முட்டி வலிக்குதுங்கறாங்க. பிள்ளைங்களை இறங்கச் சொன்னா பின்னால உள்ளதுங்க வந்து அடைச்சுக்கிட்டு நிக்குதுங்க."

"சார் என்ன பண்றாரு?"

"சும்மா நிக்கிறாரு மேடம்."

வீட்டு நாற்காலி கண்முன் வந்து நின்றது. இன்று சாயங்காலம் போய் அதில் உட்கார்ந்தாரானால் இனி யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே அந்தப் படி. மேல் பாதியில் ஆசிரியர்கள், கீழ் பாதியில் பிள்ளைகள், இடையில் சுவரோடு சுவராக என் வீட்டுக்காரர். சட்டையில் குத்தியிருந்த கைடு அட்டை கோணிக் கிடந்தது. அவருக்கு நேர் கீழே நின்ற ஒரு சிறுமி அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "மேல பெரிய கட்டில் இருக்குன்னு எங்க மிஸ் சொன்னாங்க. இந்தப் படியில அதை எப்படித் தூக்கிட்டுப் போனாங்க?"

குறிப்பில் அது இல்லை. அவர் காது சிவப்பது கீழே இருந்தே தெரிந்தது. எனக்குத் தெரிந்த பதிலைக் கத்திச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தெரியலையே" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீயா இருந்தா எப்படிக் கொண்டு போவே?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், படியே கலகலத்தது. "கூரையைப் பிரிச்சு!" "கட்டிலை வெட்டி!" "முதல்ல கட்டிலை வச்சுட்டு அப்புறம் வீட்டைக் கட்டணும்!"

"அகலத்தை அளக்காம எதுவும் சொல்லக் கூடாது" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. கணக்கு வாத்தியாராக இருந்திருக்க வேண்டும்.

"ஆரம்பிச்சுட்டாரு!" என்றார் அவருக்குப் பின்னால் நின்ற டீச்சர். "பேசாம உக்காருங்க சார், பிள்ளைங்க சொல்லட்டும்."

சொல்லிவிட்டு அந்த டீச்சரே முதலில் உட்கார்ந்தார். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொருவராகப் படியில் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நின்றுகொண்டு, அகலம் காட்டுவதற்காக இரண்டு கைகளையும் விரித்தார். முழங்கைகள் சுவரில் இடித்தன. "பாருங்க, என் கையே விரியலை" என்று சொல்லிச் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த கூட்டம் வெளிவாசலில் வந்து காத்திருக்கும். நான் போயாக வேண்டும். அதற்குள் கடைசிப் படியில் இருந்த பையன் என் கையைப் பிடித்து இழுத்தான். "ஆன்ட்டி, உக்காருங்க. வெளிச்சம் மறைக்குது."

வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். அவர் தலையை உயர்த்திப் பிள்ளைகளைத் தாண்டி வாசல்வரைக்கும் பார்த்தார். என்னைப் பார்த்தார், பார்த்தும் நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டேயிராத ஒரு குரலில், "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குதா?" என்றார்.

பிள்ளைகள் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.