வணிகர் கன்னத்தில் ஒரு சதுரம்

ரொட்டிக்கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓவியம் கற்க வந்தவர் ரைன்டர். நெதர்லாந்தின் ஹார்லெம் நகர அருங்காட்சியகத்தில் ஒரு பழைய வணிகரின் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். அன்று ஆசிரியை மார்லைன் பார்வையிட வருகிறாள். பிரதி தேறினால் அவளுடைய பட்டறையில் இடம். தேறாவிட்டால் மறுபடி ஆரம்ப வகுப்பில் ஆப்பிளும் குடுவையும் வரைவதுதான்.

எண்ணெய் ஓவியத்தில் முகம் ஒரே பூச்சில் வந்துவிடாது. முதலில் சாம்பல் நிறத்தில் ஒளியும் நிழலும் போடவேண்டும். அப்போது பார்த்தால் பிணம் மாதிரி இருக்கும். அது காய்ந்தபின் தோலின் நிறங்களை மெல்ல மெல்ல ஏற்றவேண்டும். மேலே போகப்போக எண்ணெய் சற்றுக் கூடவேண்டும், இல்லாவிட்டால் பூச்சில் வெடிப்பு விழும். மாவு பிசைந்த கைக்கு இந்தப் பொறுமை பழக்கம்தான். வணிகரின் முகம் நன்றாக வெந்த ரொட்டிபோலப் பொன்னிறமாக வந்திருந்தது.

"உன் படத்தைப் பாத்தாலே பசிக்குதுப்பா," என்பார் காவலர் தியெர்ட்.

அன்று உள்ளே நுழைந்த ரைன்டர் திகைத்து நின்றார். மூல ஓவியத்தில், கன்னமும் காலரும் சேருமிடத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் பளிச்சென்றிருந்தது. அதற்குள் கன்னம் ரோஜா நிறம், காலர் பனிவெள்ளை.

"பழைய படத்தைச் சீர்பண்றவங்க திங்கக்கிழமை லீவுல வந்து அந்த இடத்தை மட்டும் தொடைச்சுப் பாத்தாங்க. பழைய வார்னிஷாம், மஞ்சளாயிடுச்சாம்," என்றார் தியெர்ட். "ஆளு ரோஸா இருந்திருக்கான். நீதான் அவனை அடுப்புல வச்சுட்ட!"

வார்னிஷ் பூசும்போது கண்ணாடிபோல இருக்கும்; வயதானால் மஞ்சளாகும். அந்த மஞ்சளை ரைன்டர் ஒவ்வொரு நிறத்திலும் கலந்து பூசியிருந்தார். இனி துடைத்தாலும் போகாது.

"வாயை மூடுய்யா. கண்ணுல படுறதை வரையச் சொன்னாங்க டீச்சர், வரைஞ்சேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது: இப்போது கண்ணில் படுவது அந்தச் சதுரமும்தானே? வெள்ளையில் துளி சிவப்பும் நீலச் சாம்பலும் சேர்த்துக் குழைத்தார். பிரதி மூலத்தைவிடச் சிறிதாக இருக்கவேண்டும் என்பது அங்கே விதி. சதுரத்தையும் அதே கணக்கில் குறுக்கி வரைந்து முடித்தார்.

மார்லைன் வந்ததும் பிரதியைப் பார்த்துப் பதறினாள். "தியெர்ட்! இவர் படத்தை எதுக்குத் தொடைச்சாங்க?"

"யாரும் தொடலைம்மா. அவரே பூசினது."

நம்பாமல் சதுரத்தை விரலால் தொட்டாள். விரல் ரோஜா நிறமாயிற்று. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வணிகரைக் கருக்கிட்டீங்க ரைன்டர்," என்று மறுபடி அங்கேயே விரலை வைத்தாள். "ஆனா இந்தச் சதுரம் இருக்கே... இதுக்காகவே பட்டறைக்கு வாங்க. முகம் முழுக்க இந்த நிறத்துல திரும்பப் போடணும்."

"போடுறேன் டீச்சர்," என்றார் ரைன்டர், விரல் பட்டுக் கலைந்த கன்னத்தைப் பார்த்தபடி. "முதல்ல கையை எடுங்க. இன்னும் காயலை."