எந்தச் சபை என்று கேட்கக் கூடாது

ஒற்றுமை, ஒற்றுமை என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கொஞ்சம் எங்கள் எத்தாளை ஊர்ப் பக்கம் அனுப்பி வையுங்கள். மூன்று சபைகளை ஒரு கொட்டகைக்குள் உட்கார வைக்க நான் பட்ட பாட்டை அவர்களும் பட்டுப் பார்க்கட்டும். கத்தோலிக்க ஃபாதர் கூட்டத்துக்கு வந்தால் பெந்தெகொஸ்தே பாஸ்டருக்கு வயிற்றுவலி. பாஸ்டர் வந்தால் எங்கள் மெதடிஸ்த போதகருக்குப் புத்தளத்தில் அவசர வேலை. கூட்டுக் குழுவுக்கு என்னைச் செயலாளராக்கியதே, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய தொண்டை எனக்கு இருந்ததால்தான்.

யுத்தம் முடிந்து ஐந்து வருடமாகியும் காணாமல் போனவர்களைப் பற்றி வாய் திறக்க ஆளில்லை. தனித்தனியே கேட்டால் யாரும் காதில் வாங்கப் போவதில்லை, சபைகள் சேர்ந்து கேட்போம் என்றுதான் குழுவைத் தொடங்கினோம். முதல் வேலையாக மதலேனாவின் மகனுக்காக ஒரு பொதுச் செபம் வைப்பதாக முடிவாயிற்று.

மதலேனாவின் மகன் கிளீட்டஸ், யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம், பக்கத்து வீட்டு மைமூனாவின் மகன் றிஸ்கானோடு ஒரே படகில் கடலுக்குப் போனான். படகு மட்டும் கரைக்கு வந்தது. வலை நனையவே இல்லை. யார் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், ஒன்றும் தெரியாது. நான் இந்த ஊருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இரண்டு பையன்களையும் நான் கண்டதில்லை.

மதலேனா ஒருநாளும் மகனுக்கு இறந்தோர் பூசை வைக்கவில்லை. வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று தாயே கையெழுத்துப் போட்ட மாதிரி என்பாள். பெற்றவளுக்கு ஒரு ஆறுதல் வேண்டாமா, இப்படியே எவ்வளவு காலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று மூன்று சபை ஊழியர்களும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அவள் இறங்கி வந்தாள்.

"சூசையப்பர் திருநாளுக்குத் தானம் குடுக்கிறன். சாப்பாடு முடியட்டும். அதுக்குப் பிறகு சொல்றன், பூசை வைக்கிறதா இல்லையா எண்டு" என்றாள்.

சூசையப்பர் தானம் இந்தக் கரையில் பழைய வழக்கம். ஒரு வயதானவர், ஒரு பெண், ஒரு இளவட்டம். மூன்று பேரையும் திருக்குடும்பமாக நினைத்துப் பாயில் இருத்தி, நேர்ந்தவள் கால் கழுவிச் சோறு போடுவாள். அவள் அவர்களுடைய முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அவர்கள் சாப்பிட்டு முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் அவளுடைய தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும்.

அந்த மூன்று பேரையும் சபைக்கு ஒருவராக எடுப்போம் என்று நான் சொன்னேன். பாஸ்டருக்கு முகம் கறுத்தது. புனிதர்மார் திருநாளெல்லாம் அவருக்கு ஆகாது. "பார்ப்பம், பார்ப்பம்" என்று இழுத்தார். அப்போதுதான் நான் ஒரு சட்டம் போட்டேன்: அன்றைக்கு வருகிற யாரிடமும் நீ எந்தச் சபை என்று கேட்கக் கூடாது. கேட்டால் சண்டைதான் வரும். ஊழியர்கள் மூன்று பேரும் சரியென்று தலையாட்டினார்கள்.

அப்போது மதலேனா கேட்டாள். "செபத்தில றிஸ்கான்ட பேரையும் சொல்லுவீங்கதானே?"

அது மட்டும் சரிவரவில்லை. இது சபைகளின் செபம், அவர்களுடைய மார்க்கத்துக்குள் நாங்கள் கைவைக்கக் கூடாது, பள்ளிவாசலில் மனவருத்தம் வரும் என்றார்கள். மைமூனாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டால் தேய்ந்தா போய்விடுவீர்கள் என்று நான் கத்தினேன். "பொறுங்க டீச்சர்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒற்றுமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

இவ்வளவுக்கும் தானத்துக்குச் சமைத்தது மைமூனாதான். மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது அவள் ஒரு பையோடு வந்து இறங்கிய நாளிலிருந்து மதலேனாவுக்கும் அவளுக்கும் ஒரே கிணறு. ஃபாதரின் கோயிலுக்குப் பின்னாலிருந்த குசினியில் அதிகாலையிலிருந்து அடுப்போடு நின்றாள்.

அன்றைக்கு மார்ச் வெயில் மண்டையைப் பிளந்தது. காற்றென்றால் பேருக்கும் இல்லை. மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள் எல்லாம் அசையாமல் நின்றன. தூரத்தில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகை வளையாமல் நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. காகம் ஒன்றைக்கூடக் காணவில்லை. மீன் பொரிக்கிற இடத்தில் காகம் வராதது எனக்குப் பிடிக்கவேயில்லை.

கொட்டகைக்குள் பன்பாய் விரித்தாயிற்று. கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து இன்னாசிப்பிள்ளைக் கிழவர் வந்து உட்கார்ந்தார். எங்கள் சபையிலிருந்து எஸ்தர் வந்தாள். மூன்றாவது இடம் வெறுமையாக இருந்தது. நான் பாஸ்டரை முறைத்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். இந்த மனுசன் காலை வாரிவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர்ச் செம்பை எடுக்கத் திரும்பினேன்.

மறுபடி பார்த்தபோது மூன்றாவது ஆள் இருந்தான்.

நீலச் சட்டை. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். தலையைக் குனிந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். அப்பாடா, பாஸ்டர் ஆளை அனுப்பிவிட்டார் என்று எனக்கு உயிர் வந்தது. களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து பாய்வரை மணலில் ஈரக் காலடிகள் கிடந்தன. குளித்துவிட்டு வந்திருப்பான் என்றுதான் நினைத்தேன். அந்த வெயிலில் ஊற்றிய தண்ணீர் கண்மூடித் திறக்குமுன் காய்ந்துவிடும். அந்தக் காலடிகள் மட்டும் காயவேயில்லை.

நான் தண்ணீர் ஊற்ற, மதலேனா பேசினை வைத்துக் கால் கழுவினாள். இன்னாசிப்பிள்ளைக்குக் கூச்சம், காலை இழுத்து இழுத்து நீட்டினார். எஸ்தர் கண்ணைத் துடைத்தாள். மூன்றாவது ஆளின் இடது காலை எடுத்ததும் மதலேனாவின் கை நின்றது. அப்படியே நின்றது. நான் குனிந்து "என்ன?" என்று முணுமுணுத்தேன். அவள் பதில் சொல்லவில்லை. முகத்தை நிமிர்த்தவுமில்லை. சேலைத் தலைப்பால் அந்தக் காலை விரல் விரலாகத் துடைத்தாள், கைக்குழந்தையைத் துடைக்கிற மாதிரி. வழிந்த தண்ணீர் என் கையில் பட்டது. ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டது போல விறைத்தது. கிணற்றில் அள்ளிய அந்தத் தண்ணீர் வெயிலில் கிடந்து சுட்டுக்கொண்டிருந்ததை நானே தொட்டுப் பார்த்திருந்தேன்.

சாப்பாட்டை மதலேனா பரிமாறினாள். மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். இன்னாசிப்பிள்ளையின் பீங்கானில் ஈ மொய்த்தது. எஸ்தர் விசிறி விசிறிக் களைத்துப் போனாள். மூன்றாவது ஆளுடைய பீங்கானை ஒரு ஈயும் அண்டவில்லை. அவன் ஆறுதலாக, அவசரமில்லாமல், கடைசிச் சோறுவரை சாப்பிட்டான். பசிக்கிற பிள்ளை சாப்பிடுகிறது, உனக்கென்னடி என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

முடிந்ததும் மூன்று பேரும் எழுந்து, குனிந்து நின்ற மதலேனாவின் தலையில் கை வைத்தார்கள். அவனுடைய கை மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் கூட நேரம் இருந்தது. பிறகு வழக்கப்படி திரும்பிப் பாராமல் போனார்கள்.

பாஸ்டர் ஃபாதரிடம் வந்து, பெருந்தன்மையோடு சொன்னார். "நான்தான் ஆள் அனுப்பேல்ல. ஆனா உங்கட பொடியன் நல்ல அடக்கமான பொடியன்."

"எங்கட பொடியனா? அது நீங்க அனுப்பின ஆள்தானே?" என்றார் ஃபாதர்.

இரண்டு பேரும் எங்கள் போதகரைப் பார்த்தார்கள். போதகர் என்னைப் பார்த்தார். "எங்கட ஆள் எஸ்தர்" என்றேன்.

வெளியே ஓடினோம். கோயிலிலிருந்து பெரிய வீதிக்குப் போகிற மணல் ஒழுங்கை, இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டம், மறைய ஒரு மரம் கிடையாது. இன்னாசிப்பிள்ளை தடியூன்றிப் போவது தெரிந்தது. எஸ்தர் குடை பிடித்துப் போவது தெரிந்தது. வேறு யாருமில்லை. முகத்தையாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். தாடி வைத்திருந்தான் என்றார் ஃபாதர். மழுங்கச் சிரைத்திருந்தான் என்றார் போதகர். நான் அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றவள். எவ்வளவு யோசித்தும் நீலச் சட்டைக்கு மேலே எனக்கு ஒன்றும் வரவில்லை.

"இது பிசாசின்ட வேலை. உந்தப் பாயும் புனிதர்மாரும் வேணாம் எண்டு நான் அப்பவே நினைச்சனான்" என்றார் பாஸ்டர்.

"வாயக் கழுவுங்க. வந்தது தேவதூதன்" என்றார் ஃபாதர்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் குசினியிலிருந்து மைமூனா ஓடி வந்தாள். கையில் கரண்டி. எங்களுடைய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாயில் அசையாமல் உட்கார்ந்திருந்த மதலேனாவைப் பார்த்தாள்.

"என்னடி? யாரு வந்த?"

மதலேனா பேசினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் கறுப்பு மணல் படிந்திருந்தது. எங்கள் கரையில் கறுப்பு மணல் இல்லை.

"மைமூனா, இங்க வா. இரு" என்றாள்.

"இருக்கல்ல. சொல்லு."

"இடது கால்ல சுண்டு விரல் இல்ல. அடியோட இல்ல. அந்தக் காயத்துக்கு நான்தானே கட்டுப் போட்ட, மைமூனா. காத்தாடி வெட்டி ரெத்தம் ஓட ஓட, உன்ட மவன் என்ட மடியிலதானே காலை வச்சிருந்த."

காத்தாடி என்று அவள் சொன்னது படகு எஞ்சினின் விசிறியை. மைமூனாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. வாசலுக்கு ஓடுவாள், ஒழுங்கை முழுக்கக் கத்திக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை. மெல்ல வந்து மதலேனாவுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தாள். மதலேனாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி, உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"இந்தக் கையாலதானே புடிச்ச?"

"ஓம்."

"சூடா இருந்திச்சா, குளிரா இருந்திச்சா?"

கடவுளே, அந்தக் கேள்வி. மதலேனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றிய எனக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். சூடு என்று சொல்லிவிடு மதலேனா, ஒரு பொய்தானே, நான் வாய் திறக்கமாட்டேன் என்று என் மனசு கிடந்து அடித்தது. என் மூன்று சபைகளின் பத்துக் கட்டளைகளும் அந்த நேரம் எனக்கு ஒரு செல்லாக்காசு.

"குளிர், மைமூனா. நல்லாக் குளிர்" என்றாள் மதலேனா.

மைமூனா அழவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளை ஏந்தி, மரணச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்கிறபடி, "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றாள். பிறகு அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன. ஃபாதர் தலை குனிந்தார். போதகர் செருப்பைக் கழற்றினார். பாஸ்டர் மணலில் முழங்காலில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதார். செபத்துக்குள் சேர்க்கக் கூடாது என்று மூன்று பேரும் தள்ளிய பிள்ளை, தானாக வந்து, தாயின் கையால் ஆக்கிய சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தான். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது.

மைமூனா முடித்த பிறகு ஃபாதர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மதலேனா, அப்ப, கிளீட்டஸுக்குப் பூசை?"

"இல்ல ஃபாதர்." அவளுடைய முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு வெளிச்சத்தைக் கண்டேன். அது என்னைப் பயமுறுத்தியது. "செத்த புள்ள வருமெண்டா என்ட புள்ளையும் வந்திருப்பான். என்ட சோத்த விட்டுட்டு இருப்பானா? வரல்லதானே. அவன் உசிரோட இருக்கிறான்."

மைமூனா அவளைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவும் அவளுக்கு நியாயம் இருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே படகுலதான் போன, மதலேனா" என்றாள் மெதுவாக.

மதலேனாவின் முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே நின்றது. அவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். எழுந்து, பேசினைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் எடுத்து வந்தாள். பாயைத் தட்டி விரித்தாள். புதுப் பீங்கானில் சோற்றைப் போட்டு, களப்புப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். வருவான் என்று காத்திருக்கிறாளா, வரமாட்டான் என்று நிரூபிக்க உட்கார்ந்திருக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை. காற்று இன்னும் வீசவில்லை.

மைமூனா விழுந்த கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். மதலேனாவின் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட உட்கார்ந்தாள். பேசினுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"டீச்சர்" என்று என்னைக் கூப்பிட்டாள். "அடுப்புல நெருப்புக் கிடக்கு. இந்தத் தண்ணிய எடுத்துச் சூடாக்கிக் கொண்டு வாங்க. புள்ளைக்குக் குளிரும்."