பெயரை மட்டும் மாற்றினால் போதும்

விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம் சாயங்காலம் ஐந்து மணி. திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சண்முகவேல் அண்ணனின் டைப்பிங் சென்டரில் நான் போய் உட்கார்ந்தபோது மணி நாலேகால். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனி, வெளி மாநிலத்தில் ஓடும் வண்டிகளை இங்கிருந்தே போனில் கவனிக்க ஆள் கேட்டிருந்தது. விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு பக்கத்தில் கடிதமும் வேண்டுமாம்.

அந்த வேலையை ஆறு வருடமாகச் செய்தவள் நான். சம்பளம் மட்டும்தான் இல்லை, ஏனென்றால் வண்டிகள் என் கணவருடையவை. போன மாசியில் இரண்டையும் விற்றுவிட்டோம். இனி யாராவது ஒருத்தர் சம்பாதித்தால்தான் வீடு ஓடும்.

அண்ணன் ஐந்தே நிமிடத்தில் ஒரு கடிதத்தை அடித்துக் காட்டினார். நான் நேர்மையானவளாம், கடின உழைப்பாளியாம், ஆறு வருடமாக இல்லத்தரசியாம், கணவரின் சம்மதத்துடன் விண்ணப்பிக்கிறேனாம்.

"இல்லத்தரசிங்கறத எடுங்ணா. ரெண்டு ரிக்கை நடத்துனவ நானு."

"ஊட்ல இருந்தா அப்படித்தானுங் அம்மிணி போடோணும். பொம்பளைங்க யாரு வந்தாலும் இதேதான் அடிச்சுக் குடுக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்ரசர் பெல்ட் அறுந்ததற்கு எந்த அரசி அடுப்படியில் நின்றுகொண்டு ராய்ப்பூரில் மெக்கானிக் தேடினாள்?

என் முகத்தைப் பார்த்து அண்ணன் இறங்கி வந்தார். "கோவிச்சுக்காதீங்க. போன வாரம் இதே வேலைக்கு ஒருத்தருக்கு அடிச்சுக் குடுத்தனுங்க. அசத்தலா இருக்கும். படிச்சுப் பாருங்க, அதே மாதிரி உங்களுதையும் சொல்லுங்க."

படித்தேன். சத்தீஸ்கரில் தண்ணீர் வராத ஆத்திரத்தில் ஊர்க்காரர்கள் வண்டியை மறித்தபோது, தொலைபேசியில் இந்தியில் பேசி இரண்டு மணி நேரத்தில் மீட்டேன், என்று இருந்தது. ஓட்டுநர் தீர்த்தகிரி காய்ச்சலில் படுத்தபோது அன்றே மாற்று ஓட்டுநரை ரயிலேற்றினேன், என்று இருந்தது.

வண்டியை மறித்த அன்று என் இடுப்பில் குழந்தை, கல்லில் தோசை. தோசை கருகியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடிதத்தின் அடியில் பார்த்தேன். ரமேஷ்குமார் என்று என் கணவரின் பெயரும், அவருடைய போன் நம்பரும்.

இந்தியில் 'பானி' தவிர வேறு வார்த்தை தெரியாத மனுஷர். அன்றைக்கு அவர் தாரமங்கலத்தில் காதுகுத்து விருந்தில் இருந்தார். போனை எடுக்கவே இல்லை. இந்த வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று அவரிடம் சொன்னதும் நான்தான். "போன்ல பேசறதெல்லாம் ஒரு வேலையாக்கும்" என்று சிரித்துவிட்டு, மறுநாள் "சங்ககிரி வரைக்கும் போய்ட்டு வாரேன்" என்று கிளம்பியவர் இங்கேதான் வந்திருக்கிறார்.

அழுகை இல்லை, சுத்தமான கோபம்.

"அண்ணா, இதுவே இருக்கட்டும். பேரை மட்டும் மாத்துங்க. அகல்யான்னு போடுங்க."

"அதெப்படிங்க? அடுத்தவங்க செஞ்ச வேலைய நாம செஞ்சதாப் போடலாங்களா? தப்புங்க."

"தப்புத்தானுங்ணா. அதத்தான் அவரு பண்ணியிருக்காரு. இதெல்லாஞ் செஞ்சது நானு. அவரு எங்க ஊட்டுக்காரரு."

அண்ணன் கீபோர்டை இழுத்துக்கொண்டார். பெயரையும் போன் நம்பரையும் மாற்றினார். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: 'இதே அனுபவத்தை எழுதி இன்னொரு விண்ணப்பமும் உங்களுக்கு வந்திருக்கும். ஓட்டுநர் தீர்த்தகிரியின் எண்ணைக் கீழே தந்திருக்கிறேன். ஆறு வருடமாகப் போனில் பேசியது யார் என்று அவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.'

மணி நாலு ஐம்பது. அனுப்பும் முன் அண்ணன் தயங்கினார், பழக்கதோஷம்.

"ஊட்டுக்காரர் சம்மதம்னு அந்த ஒரு வரிய மட்டும் சேத்தட்டுங்களா அம்மிணி?"

"அவரு லெட்டர்ல ஊட்டுக்காரி சம்மதம்னு போட்டீங்களாண்ணா?"

அண்ணன் என்னைப் பார்க்காமல் அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.