பக்கு என்று எழுதியவர்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒகினோ ரெய்ச்சி மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய அப்பாவுக்கும் இதே இடத்தில்தான் வலிக்கும். அது நிலக்கரிச் சுரங்கத்தில் குனிந்து குனிந்து வந்த வலி. இவருக்கு நாற்காலியில் உட்கார்ந்தே வந்துவிட்டது. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்ததால் யாரிடமும் சொன்னதில்லை.

ஓய்வு பெறுகிற பேராசிரியர் கடைசிப் பாடம் ஒன்று நடத்திப் பூச்செண்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஜப்பானில் கொக்குரா ஊரின் பிப்ரவரிக் குளிர். ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாணவர்கள் தூங்கிவிட்டார்கள். முன்வரிசையில் அலுவலகத்துக்காரர்கள் கடமைக்குத் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் ரோடு வேலைக்காரர்கள் போடும் தடித்த மேல்சட்டையோடு ஒரு கிழவர். தம்பி தோகுஜி. ஒகினோ அவரை அழைக்கவில்லை. அம்மா செத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை.

ஒகினோ படித்ததும் நடத்தியதும் அமெரிக்க இலக்கியம். பெரிய பெரிய எழுத்தாளர்களை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இவருக்கு மிஞ்சியது ரயில் நிலையத்தில் விற்ற மலிவு நாவல், கௌபாய் தொடர், படக்கதை, தொழிலாளிகள் பாடிய பாட்டு. "காமிக்ஸ் சென்செய்" என்று, அதாவது காமிக்ஸ் வாத்தியார் என்று, முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே. ஒரு வருஷம் அமெரிக்காவில் போய் இருந்தார். அங்கே நூலகத்துக்காரி அன்பாகத்தான் கேட்டாள், "ஏங்க, உங்க ஊர்ல கதை இல்லையா?" தினமும் ஒரே கடையில் ஒரே முட்டையைத் தின்றுவிட்டு அறைக்குத் திரும்பினார். ஊருக்கு வந்த பிறகும் அதையேதான் செய்தார், முட்டை மட்டும் மாறியது. கல்யாணம் ஒன்று பேசினார்கள், அது பேச்சோடு போயிற்று.

அன்று காலையில் பதிப்பகத்திலிருந்து ஹமமோத்தோ என்ற பெண் கூப்பிட்டிருந்தாள்.

"சென்செய், உங்க முதல் மொழிபெயர்ப்ப மறுபடி போடறோம்ல. அந்தப் பிரபலமான தப்பத் திருத்திடலாமா? சாயங்காலம் அச்சுக்குச் சொல்லணும்."

அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளி ஒருவன் எழுதிய வேலைநிறுத்த நாவல் அது. அந்த ஊர் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, புண் ஆறும்போது மேலே கட்டுகிற பக்கு. இன்னொன்று, வேலைநிறுத்தத்தை உடைத்து உள்ளே போகிற கருங்காலி. இளம் ஒகினோ பக்கு என்று எழுதிவிட்டார். 'பக்குகள் வாசல் வழியே உள்ளே நுழைந்தன' என்ற வரியைச் சொல்லிச் சொல்லி அமெரிக்க இலக்கியக்காரர்கள் ஒரு தலைமுறை சிரித்தார்கள்.

பாடம் முடிந்ததும் இளம் விரிவுரையாளர் ஒருவர் எழுந்தார். "சென்செய், போறதுக்கு முன்னாடி அந்தப் பக்குக் கதையச் சொல்லிட்டுப் போங்களேன்!"

ஒகினோ வழக்கமான பதிலையே சொன்னார். "அகராதில முதல் அர்த்தத்தோட நிறுத்திட்டேங்க. ரெண்டாவது அர்த்தம் அடுத்த பக்கத்துல இருந்துச்சு. அப்ப எனக்குப் பசி, பக்கத்தத் திருப்பத் தெம்பில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். தூங்கினவன்கூட எழுந்து சிரித்தான். தோகுஜி மட்டும் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பூச்செண்டோடு ஒகினோ பின்னாலேயே போனார். ஸ்டேஷனில் நின்றபடி சாப்பிடும் நூடுல்ஸ் கடையில் தம்பி கிண்ணத்தின் மேல் குனிந்திருந்தார். ஒகினோவும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"வந்ததே தெரியாமப் போறியேடா."

"பூவு நல்லாருக்கு அண்ணே. யாரோ செத்த மாதிரி இருக்கு."

"முழங்கால் எப்படி இருக்கு?"

"ரெண்டுமே போச்சு. அத விடு." தோகுஜி சூப்பை உறிஞ்சினார். "அகராதில பக்கம் திருப்பலையா நீ? நம்ம வீட்டுக் கதவுல தாரால எழுதியிருந்தானுங்களே, கருங்காலின்னு. அதப் படிக்கவும் அகராதி வேணுமா?"

ஒகினோ சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சுதான் எழுதினேன் தோகுஜி. அப்ப அப்பா உயிரோட இருந்தாரு. அந்த வார்த்தைய என் கையால அச்சுல போட மனசு வரல."

"எனக்குத் தெரியாதாக்கும்? படிச்சன்னிக்கே தெரியும்." தோகுஜி சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை. "நீ காலேஜுக்குப் போயிட்ட. பள்ளிக்கூடத்துல கல்லடி பட்டவன் நான். ஸ்ட்ரைக்க உடைக்கக் கம்பெனி தொடங்கின ரெண்டாவது சங்கத்துல கையெழுத்துப் போட்டுட்டு அப்பா உள்ள போனாரே, எப்போ போனாரு சொல்லு."

ஒகினோ கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"உனக்குக் காலேஜுல இடம் கிடைச்ச வாரம். அதுவரைக்கும் மத்தவங்களோட வாசல்ல நின்ன மனுஷன். கரிப்பொடி தின்ன நெஞ்சு, அதோட பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டு உன் புஸ்தகத்த எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. பக்குன்னு வந்த எடத்துல நிறுத்திட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் மூடி வெச்சிட்டாரு. என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"'ரெய்ச்சிக்கு என்னை நெனச்சா வெக்கம்போல இருக்கு'ன்னாரு. அப்புறம் கடைசிவரைக்கும் அந்தப் புஸ்தகத்தத் தொடல."

கடைக்காரர் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனார். ஒகினோவுடையது பாதிகூடக் காலியாகவில்லை. அப்பா மனம் நோகக்கூடாதென்று வாழ்நாள் முழுதும் முட்டாள் பட்டத்தைச் சுமந்தவர் அவர். அப்பா கண்ணில் அது வெட்கமாகப் பட்டிருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"திட்டறதுக்கு வரல அண்ணே," என்றார் தோகுஜி. "கடைசிப் பாடம்னு பேப்பர்ல பாத்தேன். இன்னிக்காவது சொல்லுவன்னு வந்தேன். அவரு கருங்காலிதான். யாருக்காக ஆனாருன்னு ஒருவாட்டி சொல்லியிருக்கலாம். நீயோ பசின்னு ஜோக்கடிச்ச."

ரயில் வந்தது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துத் தோகுஜி ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

பிளாட்பாரத்தில் நிற்கும்போதே போன் அடித்தது.

"சென்செய், அச்சுக்காரங்க காத்துட்டிருக்காங்க."

"திருத்துங்கம்மா. கருங்காலின்னே போடுங்க. எல்லா எடத்துலயும்."

"அப்பாடா! பின்னுரைல ஒரு வரி போட எடம் இருக்கு. 'முதல் பதிப்பில் நேர்ந்த பிழை'ன்னு போட்டுடட்டுமா? இல்ல நீங்களே ஏதாவது எழுதித் தர்றீங்களா?"

அந்த வரி அவர் வாயில்தான் இருந்தது. அது பிழை இல்லை, என் அப்பா என்னைப் படிக்க வைக்கக் கருங்காலி ஆனார். அவ்வளவுதான். அதற்கு ஆங்கிலமும் வேண்டாம், அகராதியும் வேண்டாம். எதிர்ப் பிளாட்பாரத்தில் அவருடைய மாணவர்கள் இருவர் கையசைத்து, "பக்கு சென்செய்!" என்று கத்தினார்கள். அவரும் கையசைத்தார். இடுப்பு சுளீரென்றது.

"சென்செய்? லைன்ல இருக்கீங்களா?"

"பிழைன்னே போட்டுடுங்கம்மா," என்றார்.

பூச்செண்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்பாவுக்கு எழுதவேண்டிய அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.