டிக்கோயாக் குளிரில் ஒரு ஏசி

தம்பி பிரதாப் கத்தாரிலிருந்து வந்து புதுக் கார் வாங்கிய நாளிலிருந்து முத்துலிங்கத்துக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. மலைநாட்டு டிக்கோயாவில் எவ்வளவோ காலமாக வாடகைக்குக் கார் விட்டு ஹயர் ஓட்டுகிறவர் அவர். இப்போது போகிறவன் வருகிறவன் எல்லாம் தம்பியின் வெள்ளைக் காரைத் தடவித் தடவிப் பார்த்தான். பார்த்து முடித்துவிட்டு, இவருடைய பழைய காரில் சாய்ந்துகொண்டு தம்பி காரின் பெருமையைப் பேசினான். மனிதனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

இந்த நேரம் பார்த்துத் தங்கச்சி மகள் நிலக்ஷிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு கீழே கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளை, மண்டபமும் அங்கேதான். பொண்ணைக் காரில் கூட்டிப்போய் இறக்குவது மூத்த தாய்மாமன் முறை. அதில் எவனும் கை வைக்க முடியாது என்று முத்துலிங்கம் நிம்மதியாக இருந்தார். தங்கச்சி ராசம்மாவே வந்து கை வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. புள்ளைக்கு ஹட்டன்லயே அலங்காரம் முடிச்சுத்தான் கூட்டிப் போறோம். கீழ அந்த வெக்கைல ஏசி இல்லாட்டி எல்லாம் வழிஞ்சிரும். ஒங்க கார்ல ஏசி வேல செய்யுமா, இல்ல பிரதாப் கார்லயே போயிருவோமா?"

"கேக்குற கேள்வியப் பாரு. ஏன் செய்யாது?" என்று வாயைக் கொடுத்துவிட்டார்.

அந்த ஏசியைப் போட்டே வருசக்கணக்காகிறது. டிக்கோயாவில் ஏசி போட யாருக்குப் பைத்தியம்? கராஜில் யோகேஸ்வரன் பொனட்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "கம்ப்ரசர் ஜாமாயிருச்சுண்ணே. போடாமலே வச்சிருந்தா இப்பிடித்தான். பெல்ட்டக் கழட்டி விட்டுர்றேன். கார் ஓடும், ஏசி வராது. வேற கம்ப்ரசர் கொழும்புலருந்துதான் எடுக்கணும். கல்யாணத்துக்கு முந்தி கிடைக்காது."

தம்பியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பான். சிரிக்காமல் பரிதாபப்பட்டால் அது இன்னும் மோசம். முத்துலிங்கம் சொல்லவில்லை.

மறுநாள் சாயந்திரம் மழை விட்ட கையோடு ராசம்மாவின் தோட்டத்து லய வீட்டுக்குப் போய், அவளைக் காரில் உட்காரவைத்து விசிறியை முழுதாகக் கூட்டினார். வெளியே இருந்த குளிர் அப்படியே உள்ளே பாய்ந்தது. "போதும்ணே, வெறைக்குது," என்று ராசம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அங்கே வந்திருந்த பிரதாப் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்து, "நல்லா இருக்குண்ணே," என்றான். அன்றைக்கு முத்துலிங்கம் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

கல்யாணத்தன்று கினிகத்தேனை தாண்டும் வரைக்கும் ராஜ ஊர்வலம்தான். முன்னால் இவர் கார், பின்னால் தம்பி கார். அந்த வெள்ளைக் காரைப் பின்னால் வரவைத்திருக்கிறோம் என்கிற சந்தோசத்தில் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். மலை இறங்கி யட்டியாந்தோட்டைக்கு வந்ததும் வெயில் பிடித்துக்கொண்டது.

"மாமா, ஏசியக் கொஞ்சம் கூட்டுங்களேன்," என்றாள் நிலக்ஷி.

கூட்டினார். அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி சுடுகாற்று அடித்தது. "கேஸ் கொறஞ்சிருக்கும் போல," என்றார். ஜன்னலைத் திறந்தால் பஸ் புகையும் தூசியும் வந்து முடி கலைந்தது. மூடினால் வேர்த்துக் கொட்டியது. ராசம்மா முன்னால் குனிந்து காற்று வருகிற இடத்தில் கையை வைத்தாள். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இதுல ஏசி இருக்கா இல்லையா?"

இன்னொரு பொய் வாயில் தயாராகத்தான் இருந்தது. கண்ணாடியில் நிலக்ஷி தெரிந்தாள். கண் மை வழிந்துவிடாமலிருக்க டிஷூவைக் கண்ணுக்குக் கீழே ஒற்றிக்கொண்டு, முகத்தை அண்ணாந்து வைத்திருந்தாள். மாமனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவிசாவளை தாண்டி ஓரமாகக் காரை நிறுத்தினார்.

"இல்லம்மா. கம்ப்ரசர் ஜாம். எனக்குத் தெரியும்."

பின்னால் நின்ற காரிலிருந்து பிரதாப் இறங்கி வந்தான். ராசம்மா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சிரிப்பான் என்று முத்துலிங்கம் காத்திருந்தார். சிரித்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். அவனோ சாவியை நீட்டினான்.

"பொண்ண எறக்குறது ஒங்க முறைண்ணே. நீங்க என் கார ஓட்டுங்க. நா ஒங்க கார்ல வாறேன்."

வெள்ளைக் காரில் ஏறியதும் குளிர் முகத்தில் வந்து படிந்தது. நிலக்ஷி நிம்மதியாகப் பவுடரை ஒற்றிக்கொண்டாள். சத்தமில்லை, குலுக்கலில்லை. இப்படி ஒரு கார் இவனுக்கு எதற்கு என்று வத்தளை வரைக்கும் அந்தக் குளிருக்குள்ளேயே வெந்துகொண்டு ஓட்டினார் முத்துலிங்கம்.

மண்டப வாசலில் மேளம் முழங்கியது. மாப்பிள்ளையின் அப்பா வந்து கதவைத் திறந்தார். "அடேயப்பா, மாமாட காரே தனிதான்," என்றார். முத்துலிங்கம் மறுத்துப் பேசவில்லை. அந்த நேரம் பழைய கார் இருமிக்கொண்டு வந்து நின்றது. சட்டை முழுக்க நனைந்து பிரதாப் இறங்கினான். நிச்சயதார்த்தத்தின்போது கத்தாரில் இருந்ததால் மாப்பிள்ளை வீட்டார் யாரும் அவனைப் பார்த்ததில்லை.

"டிரைவர், அந்த ஓட்டக் கார வாசல்ல போடாதீங்க. பின்னுக்குக் கொண்டு போங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சரிங்க," என்று பிரதாப் மறுபடியும் ஏறப் போனான்.

முத்துலிங்கத்துக்கு உள்ளே தித்தித்தது. நன்றாகவே தித்தித்தது. இத்தனை நாளாக இதற்குத்தானே ஏங்கினார். கேவலப்பட்டது தன்னுடைய கார் என்பதுகூட உடனே உறைக்கவில்லை. தம்பி முதுகில் ஒட்டிக்கிடந்த ஈரச் சட்டைதான் கண்ணில் பட்டது.

"அவன் டிரைவர் இல்லீங்க. என் தம்பி, பொண்ணுக்குச் சின்ன மாமா," என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அதைத் தம்பியிடமே நீட்டினார்.

"இந்தக் காரும் அவனோடதுதான்."